இடது குழலில் தோட்டாக் கூடு சிக்கிக்கொண்டது, எப்படி எடுப்பது?

#1 காப்பித்தோட்டம் (ஏற்காடு), ஞாயிறு இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் 12 போர் இரட்டைக்குழல் போன வருடம்தான் என் லைசென்ஸில் ஏறியது. பெல்ஜியம் துப்பாக்கி, லீஜ் நகர முத்திரை இருக்கிறது. இன்று முதல்முறையாக கிளப் ரேஞ்சுக்கு எடுத்துப்போனேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய காகிதத் தோட்டாக்களையே போட்டேன். அடியில் கேஎஃப் என்று அச்சு.

முதல் இரண்டு ஜோடி சரியாக வந்தது. மூன்றாவது ஜோடியில் பதற்றத்தில் இரண்டு விசையையும் அடுத்தடுத்து இழுத்துவிட்டேன். துப்பாக்கியை மடக்கினால் வலது கூடு எழும்பி வந்தது. இடது பக்கம் எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைப் பிடித்து வெளியே தள்ளும் பாகம்) விளிம்பைத் தாண்டி நழுவிவிட்டது. கூடு அசையவே இல்லை. ரேஞ்ச் ஆபீசர் குழலைத் தனியாகக் கழற்றி, துணியில் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னார்.

வீட்டில் வந்து ஸ்க்ரூடிரைவரால் விளிம்பை நெம்பிப் பார்த்தேன். பித்தளையில் ஒரு பல் விழுந்ததுதான் மிச்சம். யாராவது வழி சொல்லுங்கள்.

#2 குறிதவறாதவன், ஞாயிறு இரவு 9:24

இதெல்லாம் ஒரு பிரச்சினையா நண்பா? குழலின் வாய்ப் பக்கமிருந்து ஒரு இரும்புக் கம்பியை விட்டு நாலு தட்டு தட்டுங்கள், வந்து விழும். நான் பத்துத் தடவை செய்திருக்கிறேன்.

#3 பழைய ஆர்மரர் (வேலூர்), ஞாயிறு இரவு 9:51

தம்பி காப்பித்தோட்டம், மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். ஸ்க்ரூடிரைவரையும் கீழே வையுங்கள்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இடது குழல் வெடித்ததா? இரண்டு விசையையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தேன் என்கிறீர்கள். வலது வெடித்த சத்தத்தில் இடது வெடித்ததா இல்லையா என்று தோளுக்கே தெரியாமல் போகும். ப்ரைமரில் (தோட்டா அடியில் ஊசி குத்தும் இடம்) குழி விழுந்திருக்கிறதே என்று சொல்லாதீர்கள். ஊசி குத்தினாலே குழி விழும், உள்ளே வெடிமருந்து எரியாமலும் இருக்கும். பழைய காகிதத் தோட்டா, ஈரம் குடித்தது. அதை நம்பவே முடியாது.

நான் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் 24 வருஷம் ஆயுதம் பார்த்தவன். சிக்கிய கூட்டால் காயப்பட்டவனை நான் பார்த்ததில்லை. சிக்கிய கூடு காலி என்று நினைத்துக்கொண்டவனைப் பார்த்திருக்கிறேன்.

#4 காப்பித்தோட்டம், ஞாயிறு இரவு 10:05

வெடித்தது என்றுதான் நினைக்கிறேன் சார்... நீங்கள் கேட்ட பிறகு சந்தேகமாக இருக்கிறது. எப்படி உறுதிப்படுத்துவது? வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

#5 பழைய ஆர்மரர், ஞாயிறு இரவு 10:22

வாய்ப் பக்கம் கண்ணை வைக்கவே வைக்காதீர்கள். குழல் தனியாகக் கழன்றே இருந்தாலும் வேண்டாம், கெட்ட பழக்கம்.

ஒரு மெல்லிய மரக்குச்சி எடுங்கள். குழலை இருபுறமும் ஆள் இல்லாத பக்கமாக மேசைமேல் படுக்க வையுங்கள். முகம், கை எதுவும் வாய்க்கு நேராக வேண்டாம், பின்பக்கத்துக்கு நேராகவும் வேண்டாம். வாய் வழியாகக் குச்சியை மெதுவாக நழுவவிடுங்கள். குத்தவே கூடாது. எங்கே நிற்கிறதோ அங்கே வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்து சொல்லுங்கள்.

குழல் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வெடித்த கூடாக இருந்தால் குச்சி அடி அட்டை வரை போகும், அதாவது 29-ஐத் தாண்டும். வெடிக்காத தோட்டாவாக இருந்தால் மேல்மூடியிலேயே தட்டி நிற்கும், 27, 28-க்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே எங்காவது நின்றால், வாட் (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) மாட்டியிருக்கலாம் அல்லது பாதி எரிந்திருக்கலாம். 29-ஐத் தொடாவிட்டால் அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்யக் கூடாது. கடைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி கொண்டுபோங்கள்.

#6 காப்பித்தோட்டம், திங்கள் காலை 7:15

அளந்துவிட்டேன். குழல் சரியாக 30. குச்சி 29 அங்குலமும் கால்வாசியும் போகிறது. மூன்று தடவை அளந்தேன், மனைவி டேப்பைப் பிடித்தாள். ராத்திரி தூக்கமே இல்லை.

#7 பழைய ஆர்மரர், திங்கள் காலை 7:40

காலிக் கூடுதான். இனி நிதானமாகப் பேசலாம்.

இன்னொன்று. இடது பக்கம் தோட்டா போடும்போது லேசாக விழுந்ததா, அழுத்தித் தள்ளினீர்களா?

#8 காப்பித்தோட்டம், திங்கள் காலை 7:48

கட்டைவிரலால் அழுத்தித்தான் ஏற்றினேன். வலது பக்கம் தானாக விழுந்தது. பழைய சரக்கு, கொஞ்சம் தடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

#9 பழைய ஆர்மரர், திங்கள் காலை 8:02

ஏறும்போதே அது சொல்லிவிட்டது, நீங்கள்தான் கேட்கவில்லை. விரலால் அழுத்தி ஏற்ற வேண்டியிருந்தால் அந்தத் தோட்டாவை அந்த இடத்திலேயே வெளியே எடுத்துவிட வேண்டும்.

#10 லேத்து மணி (கோவை), திங்கள் மதியம் 1:30

குறிதவறாதவன் சொன்ன இரும்புக் கம்பி பற்றி ஒரு வார்த்தை. குழலின் உட்சுவர் பளபளவென்று இருப்பது அழகுக்கு இல்லை. இரும்பு முனை ஒரு கீறல் போட்டால் ஈயமும் கரியும் அங்கேதான் ஒட்டும், துருவும் அங்கேதான் தொடங்கும். வாய்ப் பக்கம் சோக் (குழல் குறுகும் இடம்) வேறு இருக்கிறது, அங்கே கம்பி உரசினால் குண்டு விரியும் விதமே மாறிவிடும். மரக்கட்டைதான் சரி.

அளவு: 12 போர் உள்விட்டம் 18.5 மி.மீ. ஃபுல் சோக் இருந்தால் வாயில் 17.5 அளவுக்குக் குறுகும். அதனால் 16 மி.மீ. உருண்டைக் கட்டை போதும். மூங்கில் வேண்டாம், பிளந்து உள்ளே மாட்டினால் அது தனிக் கதை. விளக்குமாற்றுக் கம்பும் வேண்டாம், அது நேராகவே இருக்காது. தச்சரிடம் சொன்னால் தேக்கிலோ வேம்பிலோ கடைந்து தருவார்.

#11 குறிதவறாதவன், திங்கள் மதியம் 1:52

ஒத்துக்கொள்கிறேன், மரக்கட்டையே சரி. என் பத்துத் தடவையும் கிளப் துப்பாக்கியில்தான், என் சொந்தத் துப்பாக்கியில் இல்லை. சிரிக்காதீர்கள்.

#12 தட்டுச்சுடுபவன் (சென்னை), திங்கள் மாலை 6:10

சம்பந்தப்பட்டதுதான், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 12 போர் சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) சற்றே சிறிய 20 போர் தோட்டாவைத் தவறிப் போட்டுவிட்டால் அது வெளியே தெரியாது. விளிம்பு சேம்பரின் படியில் நிற்காமல் உள்ளே நழுவி, சேம்பர் குறுகும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘தோட்டா போடவே இல்லை போலிருக்கிறது’ என்று பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கும். இதனால்தான் 20 போர் தோட்டாக்கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பாக்கெட்டில் இரண்டையும் கலந்து வைக்காதீர்கள்.

#13 காப்பித்தோட்டம், செவ்வாய் இரவு 8:30

தச்சர் தேக்கில் கடைந்து கொடுத்தார். ஆர்மரர் சார் போனில் சொன்ன மாதிரி குழலைக் கோணிமேல் படுக்க வைத்து, முதல்நாள் இரவே கூட்டைச் சுற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டேன். பிறகு கட்டையை உள்ளே நிறுத்தி, ரப்பர் சுத்தியால் ஒன்று, இரண்டு. மூன்றாவது தட்டில் டப் என்று சத்தம், ஏதோ வந்து விழுந்தது. சந்தோஷமாகப் பார்த்தால் பித்தளைத் தலை மட்டும்! காகிதக் குழாய் முழுசாக உள்ளேயே நிற்கிறது. இப்போது பிடித்து இழுக்க விளிம்பும் இல்லை.

#14 லேத்து மணி, செவ்வாய் இரவு 8:41

ஆகா. தலை போய் உடம்பு தங்கிவிட்டதே.

#15 பழைய ஆர்மரர், செவ்வாய் இரவு 9:00

பயப்பட வேண்டாம், இது நடப்பதுதான். பழைய காகிதம், பித்தளை பிடித்திருந்த மடிப்பு தளர்ந்திருக்கும்.

303 ரைஃபிள் காலத்தில் இதற்கென்றே ஒரு சின்னக் கருவி இருந்தது, ப்ரென் கன் (இலகு இயந்திரத் துப்பாக்கி) பையிலேயே கொடுப்பார்கள், க்ளியரிங் ப்ளக் என்று பெயர். கூடு நடுவில் அறுந்து முன்பாதி சேம்பரில் தங்கிவிட்டால், அந்த ப்ளக்கை உள்ளே போட்டு போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) மூடுவோம். அது அறுந்த துண்டுக்குள் இறுகிப் பிடிக்கும். போல்ட்டை இழுத்தால் விளிம்போடு சேர்ந்து இரண்டும் வெளியே. ரைஃபிளுக்கு இப்போதும் அந்தந்தக் காலிபருக்கு உடைந்த கூடு எடுக்கும் கருவி கிடைக்கிறது. இல்லாதவர்கள் இறுக்கமான பித்தளை பிரஷ்ஷைக் கூட்டின் வாய் தாண்டி உள்ளே தள்ளி, திருப்பி இழுப்பார்கள். மயிர் பின்பக்கமாக மடங்கி விளிம்பில் மாட்டும்.

உங்களுடையது காகிதம் என்பதால் இன்னும் சுலபம். நீள மூக்கு ப்ளையரால் குழாயின் விளிம்பை ஓர் இடத்தில் மட்டும் பிடித்து, சுவரிலிருந்து உள்பக்கமாக மடக்குங்கள். வெளிப்பக்கம் நெம்பினால் ப்ளையர் சேம்பரைக் கீறும். மடங்கியதும் வட்டம் உடையும், பிடிப்பு விடும். அப்புறம் வெற்றிலையைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே இழுங்கள். தண்ணீர் விடாதீர்கள், காகிதம் ஊதி இன்னும் இறுகும்.

#16 வன்னிமேகம் (டொரொண்டோ), புதன் அதிகாலை 5:20

ஆர்மரர் ஐயா, 303 எண்டதும் எனக்கு இங்கத்தைக் கதை ஒண்டு ஞாபகம் வருகுது. கனடாப் படை முதல் உலகப் போருக்கு ராஸ் எண்ட துவக்கோடதான் போனது. நேராக இழுக்கும் போல்ட், குறி வைத்துச் சுடுறதில அருமையான சாமான். ஆனால் சேம்பர் மிக இறுக்கம். பிரித்தானியத் தொழிற்சாலைகள் அவசர அவசரமாகச் செய்த தோட்டாக்கள் அளவில் கொஞ்சம் பருத்திருந்தன. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரில் நடந்த சண்டையில், வேகமாகச் சுடச்சுட கூடு சேம்பரில் இறுகிப்போச்சு. போல்ட்டைக் கையால் இழுக்க ஏலாமல் சப்பாத்துக் காலால் உதைத்துத் திறந்திருக்கினம். பலர் அதை எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த பிரித்தானியச் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டவை. சேம்பரை அகலமாக்கியும் பார்த்தார்கள். 1916-ல் படையிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டினம்.

லீ என்ஃபீல்டின் சேம்பர் தாராளம். சேறும் பருத்த கூடும் அதற்குப் பெரிய விசயமே இல்லை. என்னிடம் இங்கே வேட்டைக்கு அதுதான் இருக்குது, நூறு வயசு கிட்ட, இண்டைக்கும் கூடு சிக்கினது கிடையாது.

#17 தட்டுச்சுடுபவன், புதன் காலை 9:15

வியட்நாமில் எம்-16 கதையும் இதேதான். 1966, 67-ல் கூடு எடுபடாமல் சிப்பாய்கள் செத்தார்கள். க்ளீனிங் ராடை ஒரு பட்டியால் துப்பாக்கியோடு கட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வாய் வழியாகக் குத்தி எடுத்தார்களாம். வெடிமருந்தை வேறு வகைக்கு மாற்றியிருந்தார்கள், சேம்பருக்குக் குரோம் பூசவில்லை, துடைக்கும் சாமானும் போதிய அளவு கொடுக்கவில்லை. அந்த ஈரத்தில் சேம்பர் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1967-ல் விசாரித்து அறிக்கை கொடுத்தது. பிறகு சேம்பரில் குரோம் வந்தது.

#18 உலோகவியல் (திருச்சி), புதன் மதியம் 12:40

கதைகள் அருமை. கூடு ஏன் இறுகுகிறது என்பதை நான் சொல்கிறேன்.

தோட்டாக்கூட்டுப் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெடிக்கும்போது வாயு அழுத்தத்தில் கூடு ஊதி சேம்பர் சுவரோடு ஒட்டி, பின்னால் வாயு கசியாமல் அடைக்கிறது. அதே நேரத்தில் எஃகு சேம்பரும் மயிரளவு விரிகிறது. அழுத்தம் குறைந்ததும் இரண்டும் சுருங்குகின்றன. பித்தளை எஃகைவிட அதிகமாகத் திரும்பிச் சுருங்கினால் நடுவில் ஒரு இடைவெளி வரும், கூடு வழுக்கிக்கொண்டு வரும். அழுத்தம் மிதமிஞ்சினால் என்ன ஆகும்? பித்தளை திரும்ப முடியாத அளவுக்கு விரிந்துவிடும், எஃகு மட்டும் பழைய இடத்துக்கு வந்து அதைக் கவ்விக்கொள்ளும். மோதிரம் விரலில் மாட்டிக்கொண்ட கதைதான், வீங்கியது விரல்.

ஆனால் இந்தக் காரணத்தை நான் காப்பித்தோட்டத்தின் துப்பாக்கிக்குப் பொருத்த மாட்டேன். வேட்டை ரைஃபிளில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும். 12 போரில் பத்து, பதினோராயிரம்தான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கூடு இறுகினால் நான் முதலில் சேம்பர் சுவரைத்தான் சந்தேகப்படுவேன்.

#19 குறிதவறாதவன், புதன் மதியம் 1:05

அப்படியானால் சேம்பருக்கு நிறைய எண்ணெய் பூசிவிட்டால் வேலை முடிந்ததே? டபிள்யூடி-40 அடித்துவிட்டுச் சுடலாம்.

#20 உலோகவியல், புதன் மதியம் 1:20

வேண்டாம். கூடு சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் பின்பக்க உதையில் ஒரு பகுதியைச் சுவர் தாங்குகிறது. எண்ணெய் வழுக்கினால் மொத்த உதையும் பூட்டின்மேல் விழும். பழைய பெல்ஜியம் துப்பாக்கியின் பூட்டுக்கு அந்தத் தண்டனை எதற்கு? எண்ணெய் வைத்துப் பூட்டி வைக்கலாம். சுடும் முன் உலர்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

#21 காப்பித்தோட்டம், புதன் இரவு 9:05

வந்துவிட்டது!! ஆர்மரர் சார் சொன்ன மாதிரி ஓர் இடத்தில் உள்பக்கமாக மடக்கினேன். முதல் இரண்டு தடவை காகிதம் ப்ளையரில் கிழிந்து தூளாக வந்தது. மூன்றாவது தடவை பிடி கிடைத்தது. சுருட்டி இழுத்தபோது கரகரவென்று ஒரு சத்தம், உப்புத்தாள் உரசுகிற மாதிரி. கையில் வந்த குழாயைத் திருப்பிப் பார்த்தால், நடுவே சுற்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம், அந்த இடத்தில் காகிதம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருக்கிறது.

பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் சேம்பரைப் பார்த்தேன். அதே இடத்தில் துரு வளையம். விரலை விட்டால் நகத்தில் தட்டுகிறது. வலது சேம்பர் கண்ணாடி மாதிரி.

#22 உலோகவியல், புதன் இரவு 9:11

சுவர் அகப்பட்டது.

#23 பழைய ஆர்மரர், புதன் இரவு 9:30

நல்ல வேலை தம்பி. இப்போது யோசித்துப் பாருங்கள், துப்பாக்கி கடைசியாக எங்கே, எவ்வளவு நாள் சும்மா கிடந்தது? இடது சேம்பரில் ஏதாவது அடைத்து வைத்திருந்தார்களா?

#24 காப்பித்தோட்டம், புதன் இரவு 9:52

சார், நீங்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்களோ! தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாத்தா அப்போதே படுத்த படுக்கை. தூசி போகாமல் இருக்கட்டும் என்று இரண்டு குழலிலும் பின்பக்கம் பழைய வேட்டித் துணியைத் திணித்துக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்கியபோது வலது பக்கத் துணி இல்லை, எங்கோ விழுந்துவிட்டது. இடது பக்கத்துத் துணி அப்படியே இருந்தது, நான்தான் பிடுங்கினேன். கொஞ்சம் ஈரமாகக்கூட இருந்தது. ஏற்காட்டு மழைக்காலம் வேறு.

#25 பழைய ஆர்மரர், புதன் இரவு 10:04

அதுதான். பருத்தித் துணி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எஃகின்மேல் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். துணி முடிந்த இடத்தில் வளையம். குழலுக்கு மெல்லிய எண்ணெய் பூசி வாயைத் திறந்தே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நல்லது நினைத்துத்தான் செய்தார், தாத்தாவைக் குறை சொல்லாதீர்கள்.

எமரித்தாளை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். சேம்பரைக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் அளவு போய்விடும். பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும், ஆயுதச் சட்டம் 1959-ன் ஐந்தாம் பிரிவு. லைசென்ஸ் உள்ள மிஸ்திரியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழலின் அடித் தட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

#26 வன்னிமேகம், வியாழன் அதிகாலை 4:45

மிச்சத் தோட்டாவை என்ன செய்யப் போறீர்கள்? எரிக்காதேங்கோ, கிணற்றில போடாதேங்கோ.

#27 தட்டுச்சுடுபவன், வியாழன் காலை 10:00

வாங்கிய கடையோ, காவல் நிலையமோ, எழுதிக் கொடுத்து ஒப்படைப்பதுதான் ஒரே வழி. லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.

#28 காப்பித்தோட்டம், பத்து நாள் கழித்து, சனி மாலை 5:30

மிஸ்திரி நேற்று கொடுத்தார். நுனி பிளந்த மரக்குச்சியில் மிக மெல்லிய எஃகுக் கம்பளியைச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, கையால்தான் தேய்த்தார், மெஷின் வைக்கவில்லை. துரு போய்விட்டது. ஆழமான மூன்று நான்கு குழிகளை அப்படியே விட்டுவிட்டார். ‘இதை எடுக்கப் போனால் சேம்பர் ஊதிக்கும்’ என்றார். ப்ளாஸ்டிக் கூடு அதில் தங்காது என்பது அவர் கணக்கு. என் எதிரிலேயே காலி ப்ளாஸ்டிக் கூட்டை இருபது தடவை போட்டு எடுத்துக் காட்டினார். விரல் படாமல் டொக்கென்று விழுகிறது.

ஆர்மரர் சார், தட்டையில் 12 என்றும் 65 என்றும் இருக்கிறது. அதாவது 65 மி.மீ. சேம்பர், இரண்டரை அங்குலத் தோட்டா மட்டும் என்றார். 70 மி.மீ. தோட்டாவும் போட்டால் உள்ளே போகுமாம், அதுதான் ஆபத்தாம். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குறுகும் இடத்தில் போய் நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும் என்று விளக்கினார். இது தெரியாமல் நான் 70 வாங்குவதாக இருந்தேன்.

கடைக்கும் போனேன். எங்கள் ஊர்க் கடைக்காரர் பழைய கூட்டை எண்ணி வாங்கிக்கொண்டுதான் புதியதைத் தருவார். மிச்சமிருந்த காகிதத் தோட்டாக்களையும் அங்கேயே எழுதிக்கொடுத்து ஒப்படைத்தேன். காலிக் கூடு ஆறு கொடுக்க வேண்டும். ஐந்து முழுசாக, ஆறாவது பித்தளைத் தலை தனி, கிழிந்த காகிதம் தனி, ஒரு கவரில். மனிதர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், ப்ரைமர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘சரி, ஒண்ணு’ என்று எழுதிக்கொண்டார்.

#29 பழைய ஆர்மரர், சனி மாலை 6:02

நல்லது. புதியதைப் போடும்போது விரலில் எப்படி விழுகிறது என்று பாருங்கள், ரேஞ்சுக்குப் போய்வந்து எழுதுங்கள்.